தோழமைக்கு ஓர் இடம்

நுழையும்முன்

காதலைப் பாடாத மொழி இல்லை. தமிழோ காதலுக்கு இலக்கணமே வகுத்தது. அந்த இலக்கணத்துக்குள் தோழமைக்கு எத்தகைய இடம் அளிக்கப்பட்டது, அந்த இடம் இன்றைய வாழ்வில் என்னவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. காதலா நட்பா எனக் கேட்டு ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவோர் காணத் தவறும் செய்தி ஒன்று சங்கப் பாடல்களில் இருக்கிறது.

பெயரற்ற காதல், பெயருடைய நட்பு

சங்க அகப்பாடல்களில் காதலர்க்குப் பெயர் இல்லை. தலைவன், தலைவி என்றே அவர்கள் சுட்டப்படுவர். அன்பின் ஐந்திணையில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. இம்மரபு எவ்வளவு கடுமையாகப் போற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. தலைவனைப் பிரிந்து வாடும் தலைவியின் துயரை விரிவாகப் பேசும் அப்பாட்டில், பாண்டியர்க்குரிய வேம்பு ஓரிடத்தில் இடம்பெற்றுவிட்டது. அந்த ஓர் அடையாளமே போதும், இது அகம் அன்று புறம் என்று உரையாசிரியர் முடிவுகட்டினார்.

நட்போ பெயரோடு நிற்கிறது. பாரியும் கபிலரும், அதியமானும் ஔவையாரும், கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தத்தம் பெயர்களோடும் ஊர்களோடும் நம்மிடையே உலவுகின்றனர். காதலுக்குப் பெயரில்லாமல் போனதன் காரணத்தை அறிஞர்கள் பலவாறு விளக்கியுள்ளனர். பெயர் நீங்கியதால் காதல் மக்கள் எல்லார்க்கும் பொதுவாயிற்று என்பது அவற்றுள் ஏற்கத்தக்கது. குறுந்தொகைத் தலைவியின் ஏக்கத்தில் எந்த ஊரின் எந்தப் பெண்ணும் தன் ஏக்கத்தைக் காண இயலும். இதன் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நட்பு அவ்வாறு பெயரை உதறிவிட்டு நிற்க இயலாதது. கபிலரின் இடத்தில் இன்னொரு புலவரை நிறுத்தினால் பறம்பின் வரலாறே வேறாகிவிடும். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு, அவர்களுக்கு மணம் முடிக்கும்பொருட்டு வேளிரின் அவைதோறும் சென்று நின்றவர் அவர். அவர் பாரிக்கு உறவினர் அல்லர். பாரியின் குடிக்கு அவர் எந்த வகையிலும் கடன்பட்டவரும் அல்லர். செய்யாது விட்டிருந்தால் உலகம் அவரைப் பழித்திருக்கவும் போவதில்லை. ஆயினும் செய்தார்.

எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் காதலே வெல்லும். எட்டுத்தொகையுள் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகிய 5 நூல்கள் அகம் சார்ந்தவை. திருக்குறளிலும் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்கள். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என நட்பைப் பற்றியவை 5 அதிகாரங்களே. 250 குறட்பாக்களுக்கு எதிரே 50. எண்ணிப் பார்த்து மகிழ்வோர் அவ்வளவில் நின்றுவிடுவர்.

அந்த 50 குறட்பாக்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதே கருதத்தக்கது. வள்ளுவர் நட்பைப் பொருட்பாலில் வைத்தார். அரசு, அமைச்சு, அரண், பொருள், படை ஆகியவற்றைப் பேசும் பகுதி அது. உலகியலைத் தாங்கும் உறுப்புகளுள் ஒன்றாக நட்பை அவர் கண்டார். இன்னொன்றும் உண்டு. காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள், யாரைக் காதலிப்பது என ஆராயச் சொல்லும் அதிகாரம் ஒன்றுகூட இல்லை. காதல் பார்வையில் தொடங்கிவிடுகிறது. அங்கு ஆராய்ச்சிக்கு நேரம் வாய்ப்பதில்லை. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது பால்வரை தெய்வத்தின் ஆணையால் என்று தொல்காப்பியமும் கூறுகிறது. நட்புக்கோ, ஆராய்ந்து கொள்க என்பதற்கென்றே ஓர் அதிகாரம் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. ஆராயாமல் கொள்ளும் நட்பைப்போலக் கேடு தருவது பிறிதில்லை என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து. காதல் நேர்வது, நட்பு தேர்வது என்னும் வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக அமைத்துக் காட்டிய நூல் அரிது.

இவ்வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது எளிது. சங்கப் புலவர்கள் அவ்வாறு நிறுத்தவில்லை. அவர்கள் நட்பைக் காதலுக்கு உள்ளேயே குடியமர்த்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் தோழி.

தோழியின் பணி

அகப்பாடல்களில் கூற்று நிகழ்த்துவோர் பலர். அவர்களுள் மிகுதியாகப் பேசுபவர்களில் ஒருத்தி தோழி. செவிலியின் மகளே தோழி என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. தலைவியோடு ஒரே மடியில் வளர்ந்தவள் என்று பொருள். ஆகவே தலைவியின் பார்வை மாறினாலும், வளை நெகிழ்ந்தாலும், உணவு செல்லாவிட்டாலும் முதலில் அறிபவள் அவளே. பெற்ற தாய் அறிவதற்குப் பல நாள் ஆகும்.

தோழியைத் தூது செல்பவளாக மட்டும் எண்ணுவது பிழை. தலைவன் தழையாடையைக் கையுறையாகக் கொண்டுவந்து அவளிடம்தான் நீட்டுகிறான். அவள் உடனே பெற்றுக்கொள்வதில்லை. இத்தழை எம் மலையில் இல்லாதது, கண்டால் ஊரார் ஐயுறுவர் என்று மறுக்கிறாள். அவனை நெடுநாள் அலையவிடுகிறாள். இதற்குச் சேட்படுத்தல் என்று துறைப்பெயரே உண்டு. அவன் விருப்பம் சில நாள் விருப்பமா, வாழ்நாள் விருப்பமா என்று அறியும்வரை அவள் வழிவிடுவதில்லை. காதல்வயப்பட்டவளால் செய்ய இயலாத ஆராய்ச்சியை அவள்பொருட்டுத் தோழி செய்கிறாள். நட்பாராய்தலை வலியுறுத்திய மரபு, காதலை ஆராயும் பொறுப்பையும் நட்பிடமே ஒப்படைத்தது.

பின்னர் களவு நீள்கிறது. தலைவன் இரவில் வந்து செல்வதிலேயே நிறைவு காண்கிறான். அப்போது அவனை எதிர்த்துப் பேசுபவளும் தோழிதான். நீ வரும் வழியில் யானை திரிகிறது, பாம்பு கிடக்கிறது, ஆற்றில் வெள்ளம் பெருகியிருக்கிறது என்று அவன்மேல் இரங்குபவள்போல் தொடங்குவாள். முடிவில் அவள் சொல்ல வந்தது ஒன்றே: இனி மறைந்து வராதே, ஊரறிய மணந்துகொள். வரைவு கடாதல் என்னும் இத்துறையில் அமைந்த பாடல்கள் மிகப் பல. தலைவி இவ்வாறு கேட்கத் தயங்குவாள். கேட்டால் அவனை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் அவளைத் தடுக்கும். தோழிக்கு அந்த அச்சம் இல்லை. அவனிடமிருந்து அவள் தனக்கென எதையும் எதிர்நோக்காததால் உண்மையைச் சொல்ல அவளால் முடிகிறது.

மகளின் மெலிவு கண்ட தாய், முருகு அணங்கியது என்று கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். மலரும் நறும்புகையும் நிறைந்த களத்தில் மறி அறுபட நிற்கிறது. எல்லாரும் வேலன் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருக்கும் அந்த வேளையில் தோழி வாய்திறக்கிறாள். இது தெய்வத்தால் வந்த நோயன்று. ஒரு மலைநாடன் மார்பால் வந்தது. அறத்தொடு நிற்றல் என இலக்கணம் இதனைப் போற்றுகிறது. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உண்மையை உணர்த்துவது முறை. அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி தோழி. பொய் சொல்லிக் காப்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். மெய் சொல்லிக் காப்பதையே மரபு அறம் என்றது.

மெய் சொல்லியும் பயனில்லாதபோது உடன்போக்கு. விடியுமுன் தலைவியைத் தலைவனிடம் ஒப்படைக்கும் தோழி, நற்றிணையின் 10ஆம் பாடலில் அவனிடம் ஒன்றை வேண்டுகிறாள். இவளது இளமை தளர்ந்து, நீண்ட கருங்கூந்தல் நரைத்து முடிக்கப்படும் காலத்திலும் இவளைக் கைவிடாது காப்பாயாக என்பது அவ்வேண்டுகோள். அந்த நேரத்தில் காதலர் இருவரும் நினைத்துக்கூடப் பார்த்திராத முதுமையை நினைத்தவள் அவள் ஒருத்தியே. அவர்கள் சுரம் கடந்து சென்றுவிடுவர். அவள் ஊரில் நிற்பாள். பொழுது புலர்ந்ததும் செவிலியின் கண்ணீருக்கும் ஊராரின் அலருக்கும் முகங்கொடுக்க வேண்டியவள் அவளே. காதலின் துணிவைப் போற்றிப் பேசுவோர், பின்தங்கி நின்றவளின் துணிவையும் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

தலைவனுக்கும் பாங்கன் உண்டு. காதலுற்று வாடும் தலைவனைப் பாங்கன் முதலில் இடித்துரைக்கிறான். கழறல் என்பது அதன் பெயர். தலைவன் அதற்கு மறுமொழி கூறுகிறான். நண்பன் தன்னைக் கடிந்துகொண்டதற்காகத் தலைவன் நட்பை முறித்துக்கொண்டதாக ஒரு பாடலும் இல்லை. கடிந்த பாங்கனே பின்னர் தலைவி இருக்கும் இடம் சென்று கண்டு, தலைவனுக்குத் துணை நிற்கிறான்.

வாயிலில் நின்றவள்

திருமணத்தோடு தோழியின் பணி முடிந்துவிடவில்லை. கற்பு வாழ்விலும் அவள் தலைவியின் அருகிலேயே இருக்கிறாள். பரத்தையரிடம் சென்று மீண்ட தலைவன் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது அவனை எதிர்கொள்பவள் தோழி. உள்ளே விட மறுக்கிறாள். அவன் செய்த கொடுமையை எடுத்துரைக்கிறாள். சில வேளைகளில் தலைவியின் ஊடல் அளவுகடந்தபோது அவளையும் கடிந்து அவனை ஏற்கச் செய்கிறாள். வாயில் மறுப்பதும் வாயில் நேர்வதும் அவள் உரிமைகள். கணவன் மனைவியரிடையே வாயிலாக அமைவோர் பன்னிருவரைத் தொல்காப்பியம் தொகுத்துரைக்கிறது. அப்பட்டியலில் தாய்க்கும் முன்னதாக நிற்கும் முதற்பெயர் தோழி.

இலக்கியத்தில் அமைந்தவை அனைத்தும் அக்கால வாழ்வில் அவ்வாறே நிகழ்ந்தன என்று கொள்ள வேண்டியதில்லை. அகத்திணை புலனெறி வழக்கம். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் அதில் கலந்துள்ளன. ஆயினும் ஒரு சமூகம் தன் காதல் வாழ்வை இலட்சிய நிலையில் கற்பனை செய்தபோது, மணமான பெண்ணின் வீட்டில் அவளுடைய தோழிக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தது. அந்த நினைப்பு பெருமைக்குரியது.

இன்று அந்த இடம் இல்லை. பள்ளியில் ஒரே இருக்கையில் அமர்ந்து, ஒரே உணவுக்கலத்தில் பகிர்ந்து உண்டு, தேர்வு முடிவு வந்த நாளில் ஒருவர் தோளில் மற்றவர் முகம் புதைத்து அழுத பெண்கள், திருமணம் ஆனபின் எத்தனை பேர் ஒருவரையொருவர் காண்கின்றனர்? திருமண மேடையில் மணமகளின் பின்னே நின்று எடுத்துக்கொண்ட நிழற்படமே பல நட்புகளின் கடைசிப் பக்கமாகிவிடுகிறது. ஊர் மாறுகிறது, கைப்பேசி எண் மாறுகிறது, குழந்தை, சமையல், வேலை என நாள்கள் நிரம்பிவிடுகின்றன. தோழியின் ஊருக்கு ஒருநாள் சென்றுவர விரும்பும் பெண், அதற்கு ஒரு கோயிலையோ ஓர் உறவினர் வீட்டு விழாவையோ காரணமாகக் காட்ட வேண்டியிருக்கிறது. தோழியைப் பார்ப்பது என்பதே போதிய காரணமாக எந்த வீட்டிலும் எளிதில் ஏற்கப்படுவதில்லை. அதே வீட்டில் கணவனின் பள்ளித் தோழர்கள் ஞாயிறுதோறும் தேநீர்க் கடையில் கூடுவதற்கு எவரும் காரணம் கேட்பதில்லை. ஆணின் நட்பு இயல்பு. பெண்ணின் நட்பு பொழுதுபோக்கு. இந்த வழக்கம் எங்கும் எழுதப்படாமலேயே நடைமுறையில் இருந்துவருகிறது.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. கணவனின் கொடுமையால் துன்புறும் பெண் முதலில் சொல்லிக்கொள்ள வேண்டியது யாரிடம்? பெற்றோரிடம் சொன்னால் அவர்கள் வருந்துவர், குடும்ப மானத்தை எண்ணிப் பொறுத்துக்கொள்ளவும் சொல்வர். வாயிலில் நின்று அவன் செய்தது தவறு என்று சொல்ல வேண்டியவள் தோழி. அவளுடைய எண்ணே கையில் இல்லாதபோது அத்துன்பம் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுகிறது. அன்புள்ள கணவன் வாய்த்தவளுக்கும் தோழி வேண்டியவளே. ஒரு மனிதர் மற்றொருவருக்குத் தாயாகவும் தோழியாகவும் ஆசானாகவும் அனைத்துமாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்மீது சுமக்கவியலாத பாரத்தை ஏற்றுவதாகும். காதல் அப்பாரத்தால் நைந்துபோவதை உலகியலில் காணலாம்.

இப்போக்கின் தொடக்கம் திருமணத்துக்கு வெகுமுன்பே, பள்ளி, கல்லூரிப் பருவத்திலேயே தெரிகிறது. காதல் என்று கருதத்தக்க ஓர் உணர்வு தோன்றியவுடன் பழைய நட்புகள் முதலில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. திரைப்படங்கள் இதற்குக் கற்றுத்தந்த பாடம் வேறு. அவற்றில் நாயகனின் நண்பன் நகைச்சுவைக்கு உரியவன். கடிதம் கொண்டு சேர்ப்பான், சுவர் ஏற உதவுவான், அடிவாங்குவான். நாயகன் செய்வது தவறு என்று அவன் சொல்வதேயில்லை. விரும்பாத பெண்ணை நாயகன் தெருத்தெருவாகப் பின்தொடரும்போதும் அவன் உடன் சென்று பாடுகிறான். பாங்கனின் கழறல் அங்கே மறைந்துபோயிற்று. நகைத்து மகிழ்வதற்காக மட்டும் நட்புச் செய்வதன்று, நெறி கடந்து செல்லும்போது முற்பட்டு இடித்துரைப்பதற்காகவே நட்பு என்று வள்ளுவர் கருதினார். மறுத்தவளைப் பின்தொடராதே என்று ஒரு நண்பன் உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் அழுகை இருந்திருக்காது.

உன் தோழியரோடு பேசாதே, உன் கைப்பேசியைக் காட்டு, புலனத்தில் யாருக்கு என்ன எழுதினாய் என்று வினவுவதைப் பேரன்பின் அடையாளமாகக் கொள்வாரும் உள்ளனர். அகநூல்களில் எந்தத் தலைவனும் தலைவியைப் பார்த்துத் தோழியை விட்டுவிடு என்று கூறியதில்லை. தோழி தன்னை வாயிலில் தடுத்தபோதும், தன் குற்றங்களை முகத்துக்கு நேரே சொன்னபோதும் கூறியதில்லை. தோழியை இழந்த தலைவி தனக்கும் குறைபட்டவளே என்பதை அவன் அறிந்திருந்தான் போலும்.

ஔவையும் அதியமானும்

ஆணும் பெண்ணும் நட்புக் கொள்ள இயலுமா என்னும் வினா இன்றும் வகுப்பறைகளில் சிரிப்பை வரவழைக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, பெறற்கரிய நெல்லிக்கனி ஒன்றைப் பெற்றான். அதன் சிறப்பை வெளிப்படுத்தாமல், தான் உண்ணாது ஔவைக்கு அளித்தான். அவர் அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார். படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமிதம் கொண்ட தொண்டைமானிடம், பழிப்பது போலப் புகழ்ந்தும் புகழ்வது போலப் பழித்தும் பேசி, தம் நண்பனின் வீரத்தை நிலைநாட்டினார். பரிசில் நீட்டித்தபோது அவனைச் சினந்து பாடவும் அவர் தயங்கவில்லை. அவன் போரில் வீழ்ந்தபோது, சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தந்தவன், மிகுதி கிடைத்தால் எம்மைப் பாடவைத்துத் தானும் உடனுண்டு மகிழ்ந்தவன் என்று அவன் பகிர்ந்துண்ட நாள்களை எண்ணிப் புலம்பினார்.

இவ்வுறவுக்கு வேறு பெயர் தேட வேண்டும் என்று சங்கப் புலவர் எவருக்கும் தோன்றவில்லை. மாணவன் ஒருவனும் மாணவி ஒருத்தியும் பாடக்குறிப்பைப் பரிமாறிக்கொண்டாலே அதற்கொரு பெயர் சூட்டக் காத்திருக்கும் ஊர், இந்த ஒரு செய்தியிலேனும் தன் முன்னோரைக் காட்டிலும் பின்தங்கியே உள்ளது.

இடித்துரைக்காத நட்பு

நட்பைப் போற்றுவோர் அதன் இருளையும் கூறாமல் விடலாகாது. வள்ளுவரின் 5 அதிகாரங்களுள் இரண்டு, தீ நட்பும் கூடா நட்பும், எச்சரிக்கைகளே. நட்புக்கு எடுத்துக்காட்டாகக் கர்ணனைக் கூறும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியுள்ளது. தனக்கு அரசும் மதிப்பும் அளித்தவனுக்காக அவன் உயிரையே கொடுத்தான் என்பர். அவனது நன்றியுணர்வு மறுக்கவியலாதது. எனினும் சூதாட்ட அவையில் திரௌபதி இழுத்துவரப்பட்டபோது கர்ணன் துரியோதனனைத் தடுக்கவில்லை. இழிசொற்களைச் சேர்த்தும் பேசினான். துரியோதனனுக்குத் தேவைப்பட்டது தன்பொருட்டு இறக்கும் நண்பன் அல்லன். அந்த அவையில் எழுந்து, இது தகாது என்று சொல்லும் நண்பனே. சொன்னவன் விகர்ணன், அவனையும் வாயடைத்தவன் கர்ணன்தான். நன்றிக்கடனாக மாறிவிட்ட நட்பு, சமமானோர் நட்பாக இருப்பதில்லை என்பதற்குக் கர்ணனினும் தக்க சான்று வேண்டியதில்லை.

வடக்கிருந்தவனும் வந்தவர்களும்

உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன்மீது அவன் மைந்தர் இருவரே போர் தொடுக்க எழுந்தனர். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் அவனை அணுகி, வென்றால் உன் அரசை யாருக்கு விட்டுச்செல்வாய், தோற்றால் உன் பகைவர் மகிழ்வரே என்று அறிவுறுத்தினார். மன்னன் போரை விடுத்தான், அரசையும் விடுத்தான், வடக்கிருக்கத் துணிந்தான். அவனோடு புலவரும் சான்றோரும் அமர்ந்தனர். அப்போது அவன், பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்து ஆந்தை வருவான், அவனுக்கும் இங்கே இடம் ஒதுக்குங்கள் என்றான்.

உடனிருந்தோர் ஐயுற்றனர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. செல்வக் காலத்தில் வராதவர் இப்போது வருவாரா? மன்னன் ஐயுறவில்லை. செல்வக் காலத்தில் வாராதிருப்பினும் அல்லற்காலத்தில் அவன் நில்லான் என்றான். தன் பெயரைக் கேட்டால் என் பெயரையே தன் பெயராகச் சொல்பவன் அவன் என்றும் கூறினான். பிசிராந்தையார் வந்தார். ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்ந்தார். நட்புக்குப் பழகுதல்கூட வேண்டியதில்லை, உணர்ச்சி ஒத்தலே போதும் என்னும் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இவ்விருவரையே சான்று காட்டுகிறார்.

இந்தப் பிசிராந்தையாரே, ஆண்டு பலவாகியும் நரையின்றி இருப்பது எவ்வாறு என வினவியோர்க்கு விடை கூறியவர். அவர் கூறிய காரணங்களுள் முதலில் நிற்பவர்கள் அவருடைய மாண்புமிக்க மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும். நட்பு என்பது இல்லத்தில் அன்பு கிட்டாதவர்கள் வெளியில் தேடிக்கொள்ளும் ஆறுதல் என்று கருதுவோர்க்கு இது மறுமொழியாகும். அவர் வீடு நிறைந்திருந்தது. நிறைந்த வீட்டிலிருந்தே நண்பனை நோக்கி நடந்தார்.

உடன் உயிர்விடுதல் அக்காலத்தில் மானத்தின் வழக்கமாகப் போற்றப்பட்டது. இக்காலத்துக்கு அது ஒவ்வாது. நண்பனுக்காக உயிர் நீத்தலை நட்பின் அளவுகோலாகக் கொள்வது பெரும்பிழை. இந்நிகழ்வில் கொள்ளத்தக்கது இறப்பன்று, வருகை. தேவைப்பட்ட நாளில் வந்து நின்றதே பிசிராந்தையாரின் பெருமை.

வடக்கிருக்க விரும்பி வந்தவர்களுள் பொத்தியார் என்னும் புலவரும் ஒருவர். பாடநூல்கள் அவரைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றன. மன்னனின் நெருங்கிய நண்பர் அவர். நாள்தோறும் உடனிருந்து பழகியவர். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். கண்டறியாத ஆந்தைக்கு இடம் ஒதுக்கச் சொன்ன அதே மன்னன், கண்டு பழகிய பொத்தியாரைத் திருப்பி அனுப்பினான். உன்னை நிழல்போல் நீங்காது விரும்பும் மனைவி மகனைப் பெற்றெடுத்தபின் வா என்றான். நண்பன்மேல் உரிமை கொண்டாடத் தனக்கிருந்த கடைசி நாள்களில், அந்த உரிமையை நண்பனின் மனைவிக்கு விட்டுக்கொடுத்தான். காதலுக்கும் நட்புக்கும் இடையே முரண் எழுந்த தருணத்தில் நட்பு எவ்வாறு நடந்துகொண்டது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி சங்க நூல்களில் இல்லை.

பொத்தியார் உறையூர் மீண்டார். மன்னன் இல்லாத மன்றத்தைக் கண்டு, யானையை இழந்த பாகன் வெறுமையான கூடத்தைக் கண்டு அழுவதுபோல் அழுதார். மகன் பிறந்தான். அவர் மீண்டும் வந்தபோது கோப்பெருஞ்சோழன் நடுகல்லாகியிருந்தான். அன்று என்னைப் போகச் சொன்னாயே, என் இடம் எது என்று அக்கல்லைப் பார்த்தே கேட்டார். புறநானூற்றின் 222ஆம் பாடல் அந்தக் கேள்வி. கல்லாகிய பின்னும் தன் நண்பர்க்கு அவன் இடம் அளித்தான் என்று 223ஆம் பாடலில் பாடிவிட்டு, பொத்தியாரும் அங்கேயே அமர்ந்தார்.

அவர் மனைவியைப் பற்றி அதன்பின் புறநானூறு ஒரு சொல்லும் பேசவில்லை. புறப்பாடல்கள் நண்பர்களின் பெயர்களை வரிசையாகப் பொறித்து வைத்துள்ளன. அவள் பெயர் அங்கே இல்லை. கைக்குழந்தையோடு வாயிலில் நின்று கணவன் சென்ற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் அருகே ஒரு தோழி நின்றிருக்க வேண்டும். அவளைப் பாட ஒரு புலவரும் வரவில்லை.